கேட்பவன்

ஒட்டாவாவில், ஜன்னல் இல்லாத அறையில்,
தண்ணீர்க் குவளைக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே
அந்தப் புது விமானம் நின்றது.
முழ நீளம். வெள்ளைப் பிளாஸ்டிக்.
விற்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது.
யாரோ ஓர் உறுப்பினர் அதன் இறக்கைமேல்
மூக்குக்கண்ணாடியை மடித்து வைத்திருந்தார்.

ஏழாம் சாட்சி நான். டங்கன் மக்கீகன்.
இருபத்திரண்டு ஆண்டு
நாலு விசிறி சுழலும் பழைய வயிற்றுக்குள்
கண்ணை மூடிக்கொண்டு கடலைக் கேட்டவன்.
மிதவைகளை எறிவோம். நனைந்ததும் அவை பேசத் தொடங்கும்.
கடல்மேல் மழை விழுந்தால் கடுகு தாளிப்பது போலிருக்கும்.
ஒரு சரக்குக் கப்பலின் விசிறியில்
ஓர் இதழ் ஒடிந்திருந்தால்
அதன் நடையில் நொண்டல் தெரியும்.

"எத்தனை நீர்மூழ்கிகளைக் கண்டுபிடித்தீர்கள்?"
கேட்டவர் கோதுமைச் சீமைக்காரர்.
சொல்ல எனக்கு அனுமதியில்லை.
"பூஜ்யமா?"
அதைச் சொல்லவும் அனுமதியில்லை.
சிரித்தார்கள். நானும்தான்.

ஒருவர், நம் நாட்டிலேயே செய்யலாம் என்றார்;
காகிதத்தில் அது ஏற்கெனவே பறக்கிறதாம்.
ஒருவர், ஆளில்லாததே போதும் என்றார்;
அதற்குச் சாப்பாடு வேண்டாம், ஓய்வூதியம் வேண்டாம்
(என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பாவம்).
ஒருவர் மொத்த விலையை
மருத்துவமனைக் கட்டில்களால் வகுத்துக் காட்டினார்.
கணக்கில் பிழையில்லை.
"கடலில் கரைத்த பெருங்காயம்" என்று யாரும் சொல்லவில்லை,
ஆனால் எல்லார் முகத்திலும் அந்த வாசம்.

பழையதே இன்னும் பத்தாண்டு ஓடாதா?
ஓடும்.
இறக்கை மாற்றினோம், ரேடார் மாற்றினோம்.
காபி இயந்திரம் மட்டும் நான் சேர்ந்த நாளிலிருந்து அதேதான்.
மழை நாளில் என் இருக்கைக்கு மேலே ஒழுகும்.
ஒரு வாளி வைத்திருக்கிறோம்.
வாளிக்குப் பதிவெண் உண்டு.

எட்டாம் சாட்சி லெயோனி கொமோ.
மெட்டெகனிலிருந்து இரவு முழுக்கப் பேருந்தில் வந்தவள்.
அவள் பிரெஞ்சில் பேச, நான் பழக்கத்தில்
காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டேன்.
அரை விநாடி பிந்தி
ஓர் ஆணின் குரல் அவளாகப் பேசியது:

"வரவில்லை என்று குறை சொல்ல வரவில்லை.
விமானம் வந்தது.
நாலு மணி நேரம் என் புருஷன் தலைக்கு மேலே வட்டமடித்தது.
தெப்பம் போட்டது. காற்று தெப்பத்தை எடுத்துக்கொண்டது.
வெளிச்சம் போட்டது. அலையின் நிறம்கூடத் தெரிந்ததாம்,
பிழைத்து வந்த பையன் சொன்னான்.
நன்றாகத்தான் பார்த்தார்கள்.
பார்ப்பதற்கு இவ்வளவு தருகிறீர்களே ஐயா,
எட்டிப் பிடிப்பதற்கு எவ்வளவு?"

பிப்ரவரி.
அன்று மிதவைக்கு வேலையில்லை,
என்னை வலப்பக்க ஜன்னலில் உட்காரவைத்தார்கள்.
ஆரஞ்சு உடை. ஒரு கை.
அசைத்ததா, அலை அசைத்ததா?
'மூன்று நாற்பது: பார்வையிலிருந்து மறைந்தது.'
என் கையெழுத்து.

"மக்கீகன், வேறேதும் சொல்ல வேண்டுமா?"
இதைச் சொல்ல
யாரும் தடை போட்டிருக்கவில்லை.
இல்லை என்றேன்.

முடிவை வசந்தத்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள்.
பிளாஸ்டிக் விமானம் அட்டைப் பெட்டிக்குள் போனது.
ஓர் உறுப்பினர் மேசையடியில் குனிந்து
கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் அவள், பாதி மாட்டிய மேலங்கியோடு:
"நீங்கள் வாங்கச் சொன்னவரா, வேண்டாமென்றவரா?"
நான் கேட்பவன் என்றேன்.
"என்ன கேட்டீர்கள்?"

மின்தூக்கி வந்தது.
இருவருக்கும் இடமிருந்தது.
நான் படிக்கட்டில் இறங்கினேன்.